கடைசிப் பள்ளி

புரட்டாசி, புதன்.

ஒன்றியக் கூட்டத்தில் நடுநிலைப்பள்ளிகளின் வாசிப்புத் தேர்வுப் பட்டியலைத் திரையில் போட்டார்கள். எங்கள் பள்ளி கடைசி. வெளியே வந்ததும் முதலிடப் பள்ளியின் தலைமையாசிரியர் காதருகே சொன்னார்: "வாசிக்கத் தெரியாததுகளப் பரீட்சை அன்னைக்கு வர வேண்டாம்னு சொல்லிருங்க டீச்சர். நாங்க அப்படித்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழாம் வகுப்பு முத்துச்செல்வியின் அம்மா விடியுமுன்னே பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறாள். கைக்குழந்தைத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டுதான் இவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். இவளையா வராதே என்பேன்?

நாளை மறுபடி தேர்வு. திரும்பும் வழியில் அவள் வீட்டுக்கே போய், "நாளைக்குக் கட்டாயம் வந்துரணும்" என்றேன்.

"தம்பி அழுதா என்ன செய்ய, டீச்சர்?"

"நான் தூக்கி வச்சுக்கிறேன். நீ வாசி."

நாளைக்கும் கடைசியில்தான் வருவோம். போடட்டும் திரையில். எங்கள் பிள்ளைகளில் ஒன்றுகூட வீட்டில் ஒளிந்திருக்காது.