செருமினால்தான் பாட்டு

என் ஆசைப் பெரியண்ணனுக்கு,

பேராலயத்து ஆர்கன் இப்போது என் கையில். நம்புவீர்களா? முப்பது வருடம் உங்கள் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகத்தில் பக்கம் திருப்பியவள், ஈஸ்டர் காலைப் பூசைக்கு மேல்மாடியில் உங்கள் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு பாடகர் குழுவைக் கவனிக்க ஆளில்லை. ஃபாதர் என்னிடம் வந்து, "ஈஸ்டருக்கு நீங்க வாசிச்சுப் பாருங்க டீச்சர். சரியா வரலேன்னா எடமலைப்பட்டி புதூர்லேர்ந்து ஒரு கீபோர்டுக்காரரை வரச் சொல்லிடறேன். பாட்டையும் அவரே பதிவு பண்ணிக் கொண்டாந்துடுவார்" என்றார். அப்படியானால் நம் குழுவுக்கு என்ன வேலை? வீம்புக்குச் சரி என்றுவிட்டேன்.

பயிற்சியெல்லாம் பிரமாதம். நான் வாய்விட்டு "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவேன், எல்லோரும் சேர்ந்து எடுப்பார்கள். பூசையில் அப்படிக் கத்த முடியுமா? முன்னிசை முடிந்ததும் தானாக எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

எடுக்கவில்லை அண்ணே. முன்னிசை முடிந்தது, எனக்குப் பின்னால் ஒரு சத்தமில்லை. திரும்பவும் வாசித்தேன். அதே கதை. கீழே ஃபாதரும் பீடச் சிறுவர்களும் வாசலிலேயே நிற்கிறார்கள். பாட்டு வந்தால்தானே பவனி நகரும்? உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இத்தனை பேரையும் இப்படி விட்டுவிட்டுப் போகலாமா?

மூன்றாம் தடவை வாசித்தேன். பதற்றத்தில் தொண்டை அடைத்துக்கொள்ள, லேசாகச் செருமினேன்.

அவ்வளவுதான்! நாற்பது குரலும் ஒன்றாகக் கிளம்பியதில் மேல்மாடியே அதிர்ந்தது.

திருவெறும்பூர் ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து ஓடிவந்து உட்காருவீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு செருமல். அதைக் கேட்டுத்தான் இத்தனை வருடமும் எடுத்திருக்கிறார்கள், அது அவர்களுக்கே தெரியாமல்! அந்தச் செருமலை நிறுத்த நான் எத்தனை பனங்கற்கண்டு வாங்கித் தந்திருப்பேன்?

அப்புறம் என்ன, பூசை முடியும்வரை பாட்டுக்குப் பாட்டு செருமினேன். "மாஸ்டரே வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு" என்று குழுவில் மூத்த லூர்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஃபாதர் மாடியேறி வந்தார்.

"கீபோர்டுக்காரர் வேண்டாம் டீச்சர். ஆனா அந்த இருமலுக்கு ஒரு டாக்டரைப் பாருங்க."

பார்க்க மாட்டேன் அண்ணே. இந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கும் காலம்வரை உங்கள் செருமலைக் குணமாக விடமாட்டேன். இது சத்தியம்.

இன்னும் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும்
உங்கள் தங்கை,
சகாயம்