இடைவெளி நாள்

அக். 13, திங்கள்

விடியலிலிருந்தே மழை. பேராதனையில் பஸ் அரை மணி நேரம் நின்றது. அலுவலகம் 8.50. வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே என் பெயர், இம்மாதம் மூன்றாம் தடவை.

இன்று: கூட்டத்துக்கு ஒப்பீட்டு அட்டவணை. பர்ஹானின் ஒப்பந்தக் கோப்பு. அக்கா பிள்ளைகளுக்குத் தீபாவளி உடுப்பு (சின்னவளுக்கு மஞ்சள் வேண்டாமாம்).

பர்ஹான் அக்குறணை ஆள். எங்கள் மண்சரிவு எச்சரிக்கைக் கணினி முறையை எழுதியவர். மலையிலுள்ள மழைமானிகளில் எது பழுது, எது உண்மை மழை என்று பார்த்து, தேயிலைத் தோட்ட லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருப்பவர்களின் போனுக்குச் செய்தி அனுப்புகிறவரும் அவரே. மூன்று வருடமாக ஆறு மாத ஒப்பந்தங்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு நாள் கட்டாய இடைவெளி. தொடர்ந்து வேலை செய்தேன், நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டுவிடக் கூடாதாம். இம்முறை அந்த நாள் வியாழன்.

கோப்பில் குறிப்பு எழுதினேன். வழக்கம்போல் பழைய குறிப்பைப் பார்த்து அப்படியே: "ஒருநாள் இடைவெளியால் சேவைக்குப் பாதிப்பில்லை." ஐந்து நிமிடத்தில் பணிப்பாளரின் கையொப்பம்.

அக். 14, செவ்.

மழை. கூட்டம் 10 மணி. பிளேன்டீ, ஆறிய ரோல்ஸ்.

எச்சரிக்கை வேலையை யாரிடம் கொடுப்பது என்பதற்கு மூன்று வழி. நிரந்தரப் பதவி (அனுமதி கேட்டு ஒன்றரை வருடம், பதில் இல்லை). இப்போதுபோல் தனியாள் ஒப்பந்தம். அல்லது கொழும்புக் கம்பனி ஒன்று.

பணிப்பாளர் சிங்களத்தில் சொன்னதன் சாரம்: ஆளை எடுத்தால் ஓய்வு பெறும்வரை நம் தலையில். கம்பனி என்றால் பிழை வரும்போது பிடிப்பதற்கு ஒருவர் இருப்பார்.

பர்ஹானைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். "அவங்கட கடிதத்தப் பாருங்க சேர். பிழை சொன்னா ரெண்டு வேலை நாளைக்குள்ள பதில் தருவாங்களாம். மலை ரெண்டு நாள் பாத்துக்கிட்டு ஈக்குமா?"

முடிவு அடுத்த கூட்டத்துக்கு. என் அட்டவணையில் "இடர்" என்ற நிரலில் மூன்று இடத்திலும் "குறைவு" என்று போட்டிருந்தேன். யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஒருவரும் வாசிக்கவுமில்லை.

அக். 15, புதன்

விடாத மழை. குடை கம்பி போய்விட்டது.

நாளைக்கு பர்ஹானின் கணினி அனுமதியைப் பூட்டச் சொல்லும் கடிதம். தட்டியது நான், கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்.

"ஒரு நாள் தானே மிஸ். வாப்பாட கடையில ஈக்கிறேன்."

"மழை இப்படிப் பெய்யுது. யாரு செய்தி அனுப்புறது?"

"அதத்தான் மூணு தடவ எழுதிக் குடுத்தேன். இன்னொரு ஆளுக்கும் அனுமதி குடுங்கன்னு. நிரந்தர ஆளுக்குத்தான் குடுக்க ஏலுமாம்."

அந்தப் பிரிவில் நிரந்தர ஆளே இல்லை.

மாலையில் அக்கா போன். கெலிஓயாவுக்கு மேலே அவளது லயம். பின் சுவர் வெடிப்பில் இப்போது விரல் போகிறதாம். கொல்லையில் கலங்கல் தண்ணீர் ஊறுகிறதாம். உப்பு விலை சொல்வதுபோல் சொன்னாள்.

அக். 16, வியா.

10.20. பர்ஹான் கடையிலிருந்து. "மிஸ், கெலிஓயா மேல்பக்கம் சிவப்பு. மானி பழுதில்ல, உண்மை மழை. எல்லாருக்கும் ஈக்கிற பக்கத்துல எனக்குப் பாக்க மட்டுந்தான் ஏலும், அனுப்ப ஏலாது. தொறந்து விடச் சொல்லுங்க."

பணிப்பாளரிடம் ஓடினேன். கோப்பை எடுத்து என் குறிப்பையே எனக்குக் காட்டினார். பாதிப்பில்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? இடைவெளி நாளில் வேலை செய்தார் என்று கணக்காய்வு பிடித்தால்? நாளைக்கு அவர் வந்துவிடுவார்தானே.

திரும்பி வந்து அந்தப் பழைய குறிப்பைத் தேடி எடுத்தேன். புல் வெட்டுகிறவர்களின் கோப்பு. ஒரு நாள் வெட்டாவிட்டால் புல்லுக்கு என்ன? அதைத்தான் மூன்று வருடமாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மாவட்ட இடர் உதவி அலுவலக எண் ஓயாமல் பிஸி. 10.50 அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"புள்ளைங்கள கூட்டிக்கிட்டு கீழ ஸ்கூலுக்கு எறங்கு."

"என்னாடி திடீர்னு? மெசேஜ் ஒண்ணும் வரலியே."

"நான் சொல்றேன்ல!"

"நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளி. போன தடவ மெசேஜ் வந்துச்சு, லயத்து ஆளுங்க எல்லாம் எறங்குனோம். இப்ப வரலன்னா ஒண்ணுமில்லன்னு தானே அர்த்தம்? வந்தா போறோம்."

செய்தி வந்தால் இறங்குங்கள், கண்டவர் பேச்சைக் கேட்டு அலையாதீர்கள். முறை தொடங்கிய நாளில் அக்காவின் தோட்டத்தில் மைக் பிடித்துத் தமிழில் அதை வாசித்தது நான். அக்கா முன்வரிசையில் இருந்து கை தட்டினாள்.

1.15 அக்காவின் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை.
2.40 தொடர்பில் இல்லை.
3.05 தொடர்பில் இல்லை.

அக். 17, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. நல்ல வெயில்.

ஆறரைக்குக் கெலிஓயா. மேலே விடவில்லை. பாதை முழுக்க மண். இயந்திரம் வரட்டும் என்றார் பொலிஸ்காரர். ஒன்பதுக்குள் அலுவலகம் வந்தேன். அங்கே நின்று என்ன செய்வது, இங்கே வந்து என்ன செய்வது, தெரியவில்லை.

பர்ஹான் எனக்கு முன்பே வந்திருந்தார். முகம் பார்க்கவில்லை. 9.05 புதிய ஒப்பந்தத்தில் கையொப்பம். 9.10 அனுமதி திறந்தது. உட்காராமலே அழுத்தினார். 9.11 எல்லோருக்கும் செய்தி: உடனே இறங்குங்கள்.

போய்ச் சேர்ந்த பட்டியல் திரையில் வந்தது. மற்ற லயங்கள் எல்லாம் பச்சை. அக்கா லயத்தில் பதினொரு எண்கள். பதினொன்றும் போய்ச் சேரவில்லை. நான்காவது அக்கா.