முகாம் பதிவேட்டில் அப்பா

நவம்பர் 19, புதன்

துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். நான் கன்டெய்னர் யார்டில் காகிதம் சரிபார்க்கும் எழுத்தன் என்பதால், எங்கள் குப்பம் என்னை வானிலை மையத்தின் திருவொற்றியூர் கிளையாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பல் துலக்கி முடிப்பதற்குள் மூன்று பேர் வந்து எத்தனாம் நம்பர் என்று கேட்டார்கள். ஒன்று என்றதும் முகம் தொங்கிப்போகிறது, ஏதோ நான்தான் மார்க்கைக் குறைத்துப் போட்டதுபோல.

புயலுக்குப் பெயரும் வைத்தாயிற்று. அதை இங்கே எழுத மாட்டேன். டி.வி.யில் கிடைக்கிற விளம்பரம் அதற்குப் போதும்.

நவம்பர் 21, வெள்ளி

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ் வீட்டு டி.வி. நிருபர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ‘இங்கே முழங்கால் அளவு தண்ணீர்’ என்கிறார். அதை இரண்டு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என் அண்ணன். நானும்தான் கேட்கிறேன், வேறு வழி? ஒரே கூரை, நடுவில் பலகை. அவன் கொட்டாவி விட்டால்கூட எனக்குக் கேட்கும். அம்மா போனபிறகு பதினொரு வருடமாக நாங்கள் நேராகப் பேசுவதில்லை. அண்ணி ஃப்ளோராதான் தூது.

காரணம் புதிதல்ல. அப்பா துறைமுகத்தில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். வாரிசு வேலை ஒன்று வந்தது. வீட்டில் எம்.ஏ. வரலாறு ஒன்று, எட்டாம் வகுப்பு ஒன்று. அண்ணி அப்போது மாசமாக இருந்தாள். ‘அவனுக்குக் குடும்பம் கீது’ என்று சொல்லி அம்மா ஜார்ஜ் பெயரைக் கொடுத்தாள். இருபத்தொன்பது வருடமாக நான் யார்டில் வெயிலில் காய்கிறேன். அவன் பென்ஷன் வாங்கி டி.வி. பார்க்கிறான். அன்று வயிற்றில் இருந்த கரோலின் இன்று கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். வரும்போதெல்லாம் சித்தப்பாவுக்கென்று கேக் வாங்கி வருகிறாள். தின்கிறேன். மன்னிப்பதில்லை.

நவம்பர் 22, சனி

மூன்றாம் எண். ஆட்டோவில் ஒலிபெருக்கி வந்தது: கரையோர மக்கள் உடனே பள்ளிக்கூட முகாமுக்கு வரவும். ஒருவரும் அசையவில்லை. புயலுக்கு யார் பயந்தார்கள்? பயமெல்லாம் பதிவேட்டுக்குத்தான்.

போன வருடம் அதே பள்ளியில் சாம்பார் சாதத்துக்காகப் பெயர் கொடுத்தோம். நான்கு மாதம் கழித்து அதே பெயர்கள், அதே வரிசையில், அதே எழுத்துப் பிழைகளோடு, வேறொரு அலுவலகத்தின் பட்டியலாக வந்தன. தலைப்பு: ‘கரையோரம் பாதுகாப்பற்றது என்று ஒப்புக்கொண்டு இடம்பெயரச் சம்மதித்த குடும்பங்கள்’. யார் சம்மதித்தது? சாம்பார் சாதம் சம்மதித்தது. பதினொரு வீடு போயிற்று. பஸ் போய் முடிகிற இடத்துக்கும் அப்பால், நான்காவது மாடியில், வலை காயப்போட ஒரு பால்கனி.

நவம்பர் எங்களுக்கு இறந்தோர் மாதம். பூசையில் வாசிக்க, வீட்டுக்கு வீடு செத்தவர்கள் பெயரை எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். அண்ணியிடம் ஒரு பட்டியல் மடித்துத் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் தோன்றியது: முகாமிலும் இதையே கொடுத்தால்? செத்தவனை எந்த அலுவலகமும் நான்காவது மாடிக்கு ஏற்ற முடியாது.

சந்து முனையில் நின்று சொன்னேன். ஆதார் கேட்டால் தண்ணீரில் போயிற்று. பெயர் கேட்டால் செத்தவர் பெயர். வயது மட்டும் உங்கள் வயது.

முதலில் புரிந்துகொண்டது இட்லிக் கடை ரஹீமுன்னிசா அக்கா. ‘இன்னா மூளை துரை உனுக்கு! இத்தினி வருசமா எங்க ஒளிச்சி வச்சிகினு இருந்த?’

வரலாறு படித்ததற்கு இன்றுதான் முதல் மரியாதை கிடைத்தது. கூசாமல் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

முகாம். ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு. நாற்பத்துமூன்று வீடுகள், பத்து வகுப்பறைகள், இரண்டு கக்கூஸ்.

பெயர் எழுதும் வரிசையில் எனக்கு முன்னால் ஜார்ஜ். ‘பேர்?’ என்றார் எழுதுகிறவர். இவன் வாய் கூசாமல், ‘சவரியப்பன்’ என்றான்.

அப்பா பெயர்! அதை எனக்கென்று வைத்திருந்தேன். யோசனை என்னுடையது, படிப்பு என்னுடையது, அப்பா மட்டும் மறுபடியும் அவனுக்கா?

‘அண்ணி, அது நான் சொல்றதுக்கு வச்சிருந்த பேரு’ என்றேன், அவன் காதில் விழும்படி.

அவன் திரும்பாமலே அவளிடம் சொன்னான்: ‘பெரிய புள்ளைக்குத்தான் அப்பன் பேருன்னு சொல்லு அந்த எம்.ஏ.கிட்ட.’

‘செத்த மனுசன் பேருக்கும் சண்டையா? கலீஜா கீது. ரெண்டு பேரும் வாய மூடிகினு நில்லுங்க’ என்றாள் அண்ணி.

கடைசியில் நான் தொம்மை ஆனேன். அம்மாவின் தம்பி, குடித்தே செத்தவர். ஆளுக்கொரு அட்டை எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு அதைக் காட்ட வேண்டும். ஜார்ஜின் அட்டையில்: சவரியப்பன், வயது 61. சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு திரிகிறான்.

நவம்பர் 25, செவ்வாய்

முகாம் பொறுப்பாளர் மதி என்ற இளம் பெண் அதிகாரி. மூன்று நாளாகத் தூங்காத கண்கள், மேலே மழைக்கோட்டு. காலையில் பெயர் வாசித்தார். செத்தவர்களுக்கு மறதி அதிகம்.

‘தொம்மை! தொம்மை!’ மூன்றாவது தடவைதான் அது நான் என்று உறைத்தது. ‘காது கேக்காதா சார்?’ என்றார்.

ரஹீமுன்னிசா அக்கா தன் மாமியார் பெயரைக் கொடுத்திருக்கிறாள். இரண்டு பொட்டலம் கிச்சடியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ‘உயிரோட கீறச்சொல்ல எனுக்கு ஒரு வாய் சோறு நிம்மதியா துன்ன வுடல அந்தக் கெய்வி. இப்போ அது பேர்ல ரெண்டு வாங்கித் துன்றேன். துவா செய்யணும் துரை உனுக்கு.’

ஒரு பள்ளிக்கூடம் நிறையக் கல்லறைத் திருநாள். இவ்வளவு கலகலப்பான செத்தவர்களை நான் பார்த்ததில்லை.

நவம்பர் 26, புதன்

காலையில் காற்று சற்று விழுந்தது. ஜார்ஜ் வீட்டைப் பார்க்கப் போனானாம். அண்ணிதான் சொன்னாள். ‘ஷீட்டு பறந்துரும்னு போயிகீறார். உன் பக்கத்து ஷீட்டுதான் ஆடுதாம்.’

என் பக்கத்துக் கூரையில் ஏறச் சொல்லி யார் கேட்டது? பாசம் என்று அண்ணி நினைத்துக்கொள்ளட்டும். என் ஷீட் கிளம்பினால் அதோடு அவன் ஷீட்டும் கிளம்பும், ஒரே உத்தரம். இதில் பாசத்துக்கு என்ன வேலை?

மதியம் காற்று திரும்பிவிட்டது. மாலை ஐந்து. இன்னும் வரவில்லை. எங்கேயாவது டி.வி. இருக்கிற வீடாகப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

நவம்பர் 27, வியாழன்

விடிந்ததும் அண்ணியும் நானும் வீட்டுக்குப் போனோம். என் பக்கத்தில் நான்கு ஷீட்டைக் கயிறு போட்டுக் கட்டி மணல் மூட்டை வைத்திருக்கிறான். ஐந்தாவதில் ஆள் விழுகிற அளவு ஓட்டை. கீழே என் கட்டில். கட்டிலில் ஷீட் துண்டு, ரத்தம்.

மீட்புக் குழுவினர் யாரையோ ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியவில்லை. யாரை என்றும் தெரியவில்லை. அவசர எண்ணில் கேட்டோம்: ஜார்ஜ் என்று யாரும் இல்லை. இரண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தும் லாரியிலும் போனோம்: ஜார்ஜ் என்று யாரும் இல்லை. கரோலின் போனில் அழுகிறாள், ரயில் ஓடவில்லை. அண்ணி அழவில்லை. ‘இல்லன்னா எங்க போவாரு துரை? எங்க போவாரு?’ என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது இடத்தில், அவசரப் பிரிவுச் சுவரில் பேனாவால் எழுதி ஒட்டிய பட்டியல். ‘ஜ’வைத் தேடினேன். இல்லை. எதற்கோ திரும்ப ஒரு தடவை மேலிருந்து படித்தேன்.

சவரியப்பன், 61. ஆண். சுயநினைவு இல்லை.

அடப்பாவி. அந்த அட்டை. ஜார்ஜு ஜார்ஜுன்னு ஊரெல்லாம் கேட்டுகினு சுத்தறேன், நான் சொல்லிக் குடுத்த பொய்லதானே அவன் படுத்துகினு கீறான். எனக்கு எப்படி தோணாம போச்சு? எம்.ஏ.வாம், எம்.ஏ.

தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, இன்றே திறக்க வேண்டும், நெருங்கிய உறவு யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார் டாக்டர். அண்ணியின் ஆதாரில் கணவர் பெயர் ஜார்ஜ். ‘இவர் சவரியப்பன்மா’ என்றார் அவர். என் ஆதாரில் தகப்பனார் பெயர் சவரியப்பன்.

உண்மையை எழுதிவைக்கிறேன், இங்கேயாவது. ஒரு நிமிடம் கணக்குப் போட்டேன். மகன் என்று சொல்லிவிட்டால் அறுவையும் நடக்கும், பதிவேடும் பிழைக்கும், வீடும் பிழைக்கும். சொன்னேன்: ‘நான் மகன்.’

டாக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘உங்களுக்கு அம்பத்தஞ்சு. அவருக்கு அறுபத்தொண்ணு. உங்க அப்பா ஆறு வயசுல உங்களைப் பெத்தாரா சார்?’

பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். அண்ணி சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்தாள். ‘வூடு போனா போவுது. அவரு அவரு பேர்ல பொழைக்கட்டும், இல்ல அவரு பேர்ல சாவட்டும். எழுதிக் குடு.’

பெயரைத் திருத்த, ஆஸ்பத்திரிப் புறக்காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். இவர் ஜார்ஜ், என் அண்ணன். சவரியப்பன் எங்கள் தகப்பனார், இறந்து இருபத்தொன்பது வருடம். முகாமில் பொய்ப் பெயர் கொடுக்கச் சொன்னது நான். கதவு எண், தேதி, கையெழுத்து. பிறகு அறுவைச் சம்மதத் தாளில், உறவு என்ற இடத்தில் ‘தம்பி’.

நவம்பர் 28, வெள்ளி

திறந்து எடுத்துவிட்டார்கள். மூச்சு இருக்கிறது. மற்றதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டுமாம்.

நவம்பர் 29, சனி

போலீஸ் சொல்லி மதி வந்தார், கையில் பதிவேடு. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தார்.

‘மீதி நாப்பத்திரண்டு வீட்டுல யார் யார் உயிரோட இருக்காங்கன்னு நீங்களே டிக் பண்ணிடுங்க சார். எனக்கும் வேலை மிச்சம்.’

‘எனக்கு என் வீடு மட்டும்தான் தெரியும் மேடம்.’

‘தொம்மை?’

‘அது நான்தான். ஞானதுரை.’

எங்கள் வீட்டு வரிகளை மட்டும் சிவப்பு மையில் அடித்துத் திருத்தினார். மூடினார். ‘சரி. மத்தவங்க எல்லாம் ரொம்ப நல்லா சாப்பிடுறாங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பர் 2

ஆண்கள் வார்டில் துணைக்கு ஆண்தான் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அண்ணியைப் பார்வை நேரம் முடிந்ததும் விரட்டிவிடுகிறார்கள். ஆகவே துணைக்கு நான். யார்டில் விடுப்புக் கேட்டால் மேலாளர், ‘உங்களுக்குத்தான் அவரோட பேச்சுவார்த்தை இல்லையே’ என்கிறார். மூத்திரப் பையை மாற்றப் பேச்சுவார்த்தை எதற்கு?

டிசம்பர் 5

இன்னொரு தாழ்வு நிலையாம். வார்டில் யாருக்கும் கவலையில்லை. இங்கே யாரும் கூண்டு நம்பர் கேட்பதில்லை. ரத்த அழுத்த நம்பர்தான்.

டிசம்பர் 11

கண்ணைத் திறந்து வெகு நேரம் என்னைப் பார்த்தான். வலது கை இன்னும் அசையவில்லை. பேச்சு குழறலாக வந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை:

‘ஷீட்டு ஒடைஞ்சிச்சா?’

‘ஒண்ணு.’

‘உன்துதான். என்துல நான் ஸ்ட்ராங்கா கட்டிகினு கீறேன்.’

அப்படியே தூங்கிவிட்டான். இதற்கா இத்தனை நாள் காத்திருந்தேன்?

டிசம்பர் 19

சவரம் செய்துவிட்டேன். இடது பக்கம் சரியில்லையாம். துறைமுகப் பென்ஷனர் புத்தி.

ஜனவரி 9

வீட்டுக்கு வந்து பத்து நாள். நடைக்கம்பி பிடித்து வாசல்வரை போகிறான்.

நோட்டீஸ் வந்துவிட்டது. குப்பம் முழுவதிலும் எங்கள் கதவுக்கு மட்டும். இடம்பெயர ‘சம்மதித்த’ குடும்பம் நாங்கள்தான். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள்.

ரஹீமுன்னிசா அக்கா பார்சல் கொண்டுவந்தாள். இட்லி இன்னும் சூடாக இருந்தது. ‘எங்க வூட்டு ஆளுங்க எல்லாம் உன் புண்ணியத்துல இன்னும் செத்தே கீறாங்க துரை. நீங்கதான் அவசரப்பட்டுப் பொழைச்சிகினீங்க.’

திட்டுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 21

ஆட்சேப மனுவை இன்று முடித்தேன். நான்கு பக்கம். நல்ல தமிழ், ஒரு பிழை கிடையாது. படிக்கப்போகிறவருக்கு அது தெரியாது என்பது வேறு. மனுதாரர்கள்: ஜார்ஜ், ஞானதுரை, இருவரும் தகப்பனார் பெயர் காலஞ்சென்ற சவரியப்பன். ‘காலஞ்சென்ற’வை மறக்காமல் போட்டேன்.

படித்துக் காட்டினேன். ‘நீட்டா கீது. ஆனா எவன் படிப்பான் இத்தினியும்?’ என்றான். அவனுக்குக் கையெழுத்து வரவில்லை. இரண்டு தாள் பாழாயிற்று. கைநாட்டு வைக்கலாம் என்றேன். இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கையெழுத்துப் போட்டவனுக்கு முகம் சிறுத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க நான் எத்தனை வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன்! பார்த்தேன். ஒன்றும் பிரமாதமாக இல்லை.

விரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் அழுத்தினேன். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன்.

‘அய்த்தித் துடைடா’ என்றான்.

நாளை காலை பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும். ஆட்டோ சொல்லியாயிற்று. மூன்று பேர்.