முகத்தோடு வீட்டுக்குப் போனவர்கள்

சித்தி,

புது ஃப்ளெக்ஸ் பலகையின் மருந்து வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. உங்கள் முப்பதாம் நாள் பூசைக்காக மாதா கோயில் வாசலில் கட்டியிருந்தார்கள். வெயில் ஏற ஏற வாடையும் ஏறியது. மேலே 'கண்ணீர் அஞ்சலி.' கீழே, கையை வீசியபடி நீங்கள். உங்கள் குத்துச்சண்டைக் கையுறைக்கு எதிரே, உங்களிடம் தோற்ற நாசரேத் ஊர் அக்காவின் முகம், மூக்கிலிருந்து ரத்தம் தெறிக்க. அச்சடித்தவர் அந்த ரத்தத்தை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்கியிருந்தார்.

அந்தப் படம் எப்படித் தேர்வானது என்று தெரிந்திருந்தால் நீங்கள் காறித் துப்பியிருப்பீர்கள். உங்களை அடக்கம் செய்த மறுவாரமே, திரேஸ்புரம் டீக்கடையில் குத்துச்சண்டை மன்றத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். உங்கள் எதிராளிகளில் யார் பலசாலி, உங்கள் வெற்றிகளில் எது பெரியது என்று ஒரே வாதம். நான் பால் வாங்க நின்றிருந்தேன்.

"சென்னை போலீஸ்காரிதாம்ல கஷ்டமான ஆளு. இடக்கைக்காரி. நம்ம பிள்ளையவே கடைசி வரைக்கும் தண்ணி குடிக்க வச்சா."

"ஏலே, அது பாயின்ட்ல ஜெயிச்சது. பாயின்ட்லாம் ஒரு ஜெயிப்பா? நாசரேத்காரிய முதல் ரவுண்டுலயே சாய்ச்சா பாரு, அதாம்ல அடி!"

மன்றத்துச் செயலாளர் அண்ணாச்சி வடையைக் கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "போலீஸ்காரி சண்டையில ரத்தமே இல்லியேப்பா. ஃப்ளெக்ஸுல என்னத்தப் போட?"

ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல உங்கள் சண்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள்.

நாசரேத் சண்டையைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு முறைதான் பேசினீர்கள். பயிற்சிக்கு முன் கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தீர்கள். அதன் மறுமுனை என் பிடியில் இருந்தது. சண்டைப் பிரிவுக்கு ஏற்ப எடையைக் குறைப்பதற்காக அந்த அக்கா பட்டினி கிடந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடியிருந்தாராம். எடை பார்க்க ஏறியபோதே உதடு வெடித்திருந்ததாம்.

"நிக்கவே தெம்பில்லாம வந்தா. நான் அடிச்சேன். எல்லாரும் கைதட்டுனாங்க. நான் பாத்ரூமுக்குப் போயி வாந்தி எடுத்தேன்ளா."

அப்படியானால் உங்கள் நல்ல வெற்றி எது என்று கேட்டேன். நீங்கள் யோசிக்கவே இல்லை. "போலீஸ்காரிய ஜெயிச்சது. ரெண்டு பேரும் முகத்தோட வீட்டுக்குப் போனோம்."

அன்று டீக்கடையில் அதை அப்படியே செயலாளர் அண்ணாச்சியிடம் சொன்னேன். அம்மா நாசரேத் அக்காவையும் பூசைக்கு அழைத்திருக்கிறாள், தயவுசெய்து இந்தப் படம் வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"ஏளா, நீ கையுறை மாட்டியிருக்கியா? புஸ்தகம் படிச்சா குத்து தெரிஞ்சிருமா? போ, பாலு ஆறிரப் போவுது."

கடையே சிரித்தது.

பூசையன்று அக்கா வந்தார். கண்ணாடி, நூல் சேலை, சற்றே வளைந்த மூக்கு. பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அண்ணாச்சிக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ வெளியூர் உறவு என்று நினைத்துத் தானாகவே விளக்கம் சொல்ல வந்துவிட்டார்.

"இதாம்மா எங்க பிள்ளையோட பெரிய ஜெயிப்பு. ஒரே அடி. எதிராளி உப்பு மூட்ட மாதிரி விழுந்தா!" விழுந்த இடத்தைக் காட்டுவதுபோலத் தரையைக் காலால் தட்டினார்.

"நல்லா விழுந்தேனா, அண்ணாச்சி?" என்றார் அக்கா.

அண்ணாச்சியின் கால் அப்படியே நின்றது. அக்கா உள்ளே போய் உங்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

எனக்கு ஜெபம் வரவில்லை, சித்தி. இனியாவது அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நம்பினேன். பூசை முடிந்து வெளியே வந்தால், அக்கா சாய்ந்தது இடப்பக்கமா வலப்பக்கமா என்று அங்கே அடுத்த வாதம். அவளிடமே கேட்டுவிடலாம் என்றார் ஒருவர். அவர்கள் வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பழைய ஃப்ளெக்ஸ் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியும். இன்று காலை திரேஸ்புரத்தில் அது ஒரு வலைக் குவியலை மூடிக் கிடந்தது. படம் மேல்பக்கம். அக்காவின் முகத்தில் காக்கை எச்சம். வலைக்காரரிடம் கேட்டு, இருவருமாக அதைத் திருப்பிப் போட்டோம்.

"மழைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதானளா?" என்றார் அவர்.

மழைக்கு ஒன்றுதான். நான் பள்ளிக்கு நடந்தேன். வகுப்பில் கூடப் படிக்கும் பையன்கள் யார் யாரை அடித்துச் சாய்த்தார்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் பையை வைத்துவிட்டுக் கேட்டேன்:

"ரெண்டு பேரும் முகத்தோட வீட்டுக்குப் போனாங்களா?"