மாப்பிள்ளை மேல் காற்றுப் படாமல்

ராசிபுரம்
10.11.2025

அன்புள்ள மாப்பிள்ளை ஈஸ்வர் அவர்களுக்கு,

மச்சான் சின்னராஜ் எழுதிக்கொள்வது. இங்கு அம்மாவும் நானும் நலம். அங்கு நீங்களும் தங்கை வித்யாவும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் அவள் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறாள். அதனால் உங்கள் பக்கம் தினமும் வேலைக்கு வரும் நம் டீம் வேல்முருகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று சைக்கிள் ரேஸில் ஆறாவது வந்தீர்கள். பரவாயில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அந்த லேஅவுட்டில் ஒரு வீடு கிடையாது, மரம் கிடையாது, மனைக்கல்லும் எதிர்க்காற்றும்தான். இருபத்தைந்து சுற்றும் நானும் வேல்முருகனும் மாறி மாறி முன்னால் போய்க் காற்றை நெஞ்சில் வாங்கினோம். உங்களை எங்கள் பின்சக்கரத்தை ஒட்டியே, காற்றுப் படாமல் கூட்டிவந்தோம். கடைசி வளைவு தாண்டி, கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது ஒதுங்கி வழி விட்டேன். உங்களுக்கு மிச்சமிருந்த வேலை பாய்வது ஒன்றுதான். நீங்களோ கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி வந்தீர்கள். கோயம்புத்தூர்ப் பையன்கள் ஐந்து பேர் உங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

மூன்று வருஷம், பதினொரு ரேஸ், ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. 23ஆம் தேதி ஆட்டையாம்பட்டியில் இந்த வருஷத்தின் கடைசி ரேஸ். அதிலும் தோற்றால் டீமைக் கலைத்துவிடுவேன். கோபமெல்லாம் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

அன்பு மச்சான்,
சின்னராஜ்

---

அஸ்தம்பட்டி
13.11.2025

மரியாதைக்குரிய மச்சானுக்கு, ஈஸ்வரின் வணக்கம்.

கோபமில்லை என்று எழுதிய இடத்தில் பேனா காகிதத்தையே கிழித்திருக்கிறது.

மூன்று வருஷமாகச் சொல்லத் தயங்கியதை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாய வராது. ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் மிதிக்கச் சொல்லுங்கள், மிதிக்கிறேன். பாயத் தெரிந்தவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவைப் பாருங்கள். அவ்வளவு காற்றை வாங்கி, எனக்கு வழியும் விட்டு, அதற்குப் பிறகும் ஏழாவதாக என் முதுகிலேயே வந்து நிற்கிறீர்கள். இது வேல்முருகனுக்கும் தெரியும். கேட்டால், "மாப்பிள்ளைய முன்னால உட்டு இழுக்கச் சொல்றதுங்களா? ஊருக்குள்ள என்னங்க பேசுவாங்க?" என்கிறார்.

உங்கள் வீட்டில் முதல் இலை எனக்கு, கறியில் நல்ல துண்டு எனக்கு. சரி, வீட்டில் இருக்கட்டும். ரேஸிலுமா மச்சான்? ஆட்டையாம்பட்டியில் நான் முன்னால் போகிறேன். நீங்கள் என் சக்கரத்தைப் பிடித்து வாருங்கள், கடைசியில் பாயுங்கள்.

அன்புடன்,
ஈஸ்வர்

---

ராசிபுரம்
15.11.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நடக்காது. என் தங்கையைக் கட்டியவரை எதிர்க்காற்றில் விட்டுவிட்டு, நான் பின்னால் சொகுசாக வந்து கோப்பை வாங்குவதா? அன்றைக்கு அம்மா வேறு பார்க்க வருகிறாள். "ஏண்டா, மாப்பிள்ளைய மாடாட்டம் இழுக்க உட்டுட்டு வாரே?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்பாள். எப்போதும்போல என் பின்னாலேயே வாருங்கள். மறுபேச்சு வேண்டாம், தயவுசெய்து.

சின்னராஜ்

---

அஸ்தம்பட்டி
18.11.2025

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. சரிங்க. அத்தையை நான் கேட்டதாகச் சொல்லவும்.

ஈஸ்வர்

---

ராசிபுரம்
24.11.2025

மாப்பிள்ளைக்கு,

சரிங்க என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா? இன்னும் மூன்று சுற்று இருக்கும்போது, கேட்காமல் கொள்ளாமல் முன்னால் போனீர்கள். "மாப்பிள்ளே, பின்னால வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உங்களுக்குக் காது கேட்கவில்லை. உங்களைத் தாண்டி மறுபடி முன்னால் வரத்தான் மிதித்தேன், முடியவில்லை. அந்த வேகத்தில் கோயம்புத்தூர்க்காரர்களே ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். கடைசி வளைவு தாண்டி நீங்கள் ஒதுங்கினீர்கள். வேறென்ன செய்வது, பாய்ந்தேன்.

கோப்பையோடு வந்தால் அம்மா கேட்டது, "மாப்பிள்ளை பதினாலாவதா வந்திருக்காரு, நீ என்னடா பண்ணுனே?" நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. கோப்பை அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது. நீங்களே ஒருநாள் வந்து அவளிடம் விளக்குங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

இன்னொன்று, எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த மூன்று சுற்றும் உங்கள் முதுகுக்குப் பின்னால் என் மேல் காற்றே படவில்லை. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டிலும் சரி, கடையிலும் சரி, எனக்கு முன்னால் ஒருவரும் போனதில்லை மாப்பிள்ளை. கண் கலங்கிவிட்டது. கோடு எங்கே இருக்கிறதென்று தெரியாமலேதான் பாய்ந்தேன்.

டீமைக் கலைக்கவில்லை. ஜனவரி ரேஸிலும் நீங்களே முன்னால் போங்கள்.

உங்கள்,
சின்னராஜ்