மஞ்சள் பல்பு

என் வீட்டம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? மாமாவுக்கு இருமல் நின்றதா? நான் இப்போது நன்றாக இருக்கிறேன். ‘இப்போது’ என்று எழுதியதுமே உன் புருவம் ஏறியிருக்கும். போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை. சிறுநீர் மஞ்சளாகப் போனது. உடம்புச் சூடு என்று நினைத்துத் தண்ணீராகக் குடித்துத் தள்ளினேன். பெயின்ட் அடிக்கிற வேலை, நாள் முழுக்க முகத்தில் மாஸ்க்கும் கண்ணாடியும். அறையில் கூட இருப்பவனுக்கோ இரவு ஷிப்ட். நான் வரும்போது கிளம்பிவிடுவான். அறையில் எரிவது மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் சுவருக்கே காமாலை வந்த மாதிரிதான் இருக்கும்!

முடி வெட்டப் போனேன். என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிய கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணே, கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கே. வீட்ல யாரும் சொல்லலையா?”

பாதி வெட்டிய தலையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, “காமாலைதான். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டம்” என்றார் டாக்டர். மருந்தும் ஓய்வுமாகத் தேறிவிட்டேன். தலையின் மறுபாதியையும் வெட்டியாகிவிட்டது.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே வாசலில் நிறுத்திக் கேட்டிருப்பாய்.

இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுவரும் டிரைவர் அண்ணன் அவசரப்படுத்துகிறார். ஒரே ஒரு வேலை உனக்கு. இதுவரை இருட்டில் படுத்துக்கொண்டே வீடியோவில் பேசினேன். இனி ஜன்னலோரம் நிற்கிறேன். “சாப்பிட்டீங்களா” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். கேட்காதே, பார்.

உன் வீட்டுக்காரன்