கட்டினவர் கை

1958 ஜூன் 27, வெள்ளி

விடிந்ததிலிருந்து சாரல். அருவியில் நல்ல தண்ணீராம். தென்காசி முழுக்க ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையும். நான் மட்டும் காய்ந்த கட்டை.

ஐந்தருவிப் பாறையில் வழுக்கியதுதான் வினை. இடது முட்டெலும்பில் கீறல். மூங்கில் பத்தை, உளுந்து மாவு, முட்டை வெள்ளை, மேலே துணி. மேலகரம் எலும்பு வைத்திய ஆசான் கட்டியது. நாற்றம், அரிப்பு. ஞாயிறு வந்து அவிழ்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு எண்ணெய்த் தடவல்.

மறக்காமல்: விசிறிக் காம்பு (சொறிய). ஷூவை வெயிலில் வைக்க. வெயில் எங்கே?

கப்பல் ஜூலை 15, மெட்ராஸில். இங்கே ரயில் 13 மாலை. ஆகஸ்ட் கூடைப்பந்து ஆட்டத்துக்கு இல்லாவிட்டால் என் இடத்தில் வேறு ஆள் என்று சிங்கப்பூர் டீம் மானேஜர் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். பாளையங்கோட்டைக் காலேஜில் ஆடினால் கைதட்டல். அங்கே ஆடினால்தான் சோறு.

ஜூன் 30, திங்கள்

நேற்று ஆசான் வரவில்லை. அம்மா விசாரித்தாளாம். புனலூருக்கு வைத்தியத்துக்குப் போயிருக்கிறாராம்.

சீசனுக்கு வந்திருக்கும் அம்பாசமுத்திரத்து மாமா இன்றும் ஆரம்பித்தார்.

"பந்தைக் கூடையில போடுததுக்காலே சம்பளம் தாரான்?"

"ஆமா மாமா."

"கூடைக்கு அடி கெடையாதாமே. பெறவு எப்படிலே நிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு எல்லோரும் குளிக்கப் போய்விட்டார்கள்.

ஜூலை 5, சனி

ஆசான் இல்லை. நானே அவிழ்க்கிறேன் என்றேன். அம்மா பதறிப்போனாள்.

"கட்டினவரு கைதாம்லே அவுக்கணும். வேற கை பட்டா கால் வெளங்காது."

சிங்கப்பூரில் என் மணிக்கட்டுக் கட்டை யாரோ ஒரு நர்ஸ் வெட்டி எடுத்தாள். கை நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் பிளேடை எடுத்தேன், வைத்துவிட்டேன். இந்த வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பயம் எனக்கும் வந்துவிட்டது. என்மேல் எனக்கே எரிச்சல்.

படுத்தபடியே பந்தை உத்திரத்துக்கு எறிந்து பிடித்துக்கொண்டிருந்தேன். தூசி விழுகிறது என்று அம்மா வாங்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

மழை விட்டு விட்டு. மதினி காப்பி கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"ஆசான் எங்கனயும் போகல. நேத்து கோயில் வாசல்ல பார்த்தேன். அத்தைதான் வரவேண்டாம்னு சொல்லியிருக்காவ. கப்பல் போன பெறவு வந்தாப் போதும்னு. நான் சொன்னேன்னு சொல்லிராதீய."

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை.

"நாந்தான் சொன்னேன். ஒங்க அப்பா செத்ததுக்கு ஒன் தந்திதான் வந்துச்சி. எனக்கும் தந்திதான் வருமாலே?"

அப்பா செத்தபோது உடனே கப்பல் கிடையாது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. ராத்திரி சாப்பிடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் மாட்டுவண்டி பிடித்து மேலகரம். என்னைக் கண்டதும் ஆசான் எழுந்து நின்றார். முகம் கொடுக்கவில்லை. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பத்தையை ஒவ்வொன்றாக எடுத்தார். கால் வெளுத்து, சூம்பி. யாருடைய காலோ.

"மடக்கும் தம்பி."

மடங்கவில்லை. மறுபடியும் முயன்றேன்.

"எலும்பு கூடிட்டு. மூட்டுதான் இறுகிட்டு. அந்த ஞாயித்துக்கெழமையே அவுத்துத் தடவியிருக்கணும். பெத்தவ வந்து கையெடுத்துக் கும்பிடுதா. நான் என்ன செய்ய?"

எப்போது மடங்கும் என்றேன். தைப்பொங்கல் வரை தடவிப் பார்ப்போம் என்றார். ஓடலாமா, குதிக்கலாமா என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்தால் வாசலில் என் பெட்டி. பூட்டி, கயிறு சுற்றி. மேலே முறுக்குச் சம்புடம். பரணிலிருந்து இறக்கித் துடைத்த பந்து. அம்மா கண் வீங்கியிருந்தது. என் காலைப் பார்க்கவில்லை.

"ரயிலுக்கு நேரமாச்சுலே. போயிட்டு வா. நான் ஒண்ணும் சொல்லல."